கீழே வழியும் பக்கம், வெட்டுப்படும் பெட்டி: அறிகுறி வாரியாகச் சரிசெய்யும் முறை

வலைப்பக்கத்தில் எழுத்து பெட்டியைத் தாண்டி வழிந்தாலும், பட்டன் பாதி வெட்டுப்பட்டாலும், வேண்டாத ஸ்க்ரோல்பார் முளைத்தாலும் பலரும் முதலில் சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் மொழி) எழுதிப் பார்ப்பது ‘ஓவர்ஃப்ளோ: ஹிடன்’, அதாவது ‘வழிவதை மறை’. கண்ணை உறுத்தியது மறைந்துவிடும், கோளாறு உள்ளேயே இருக்கும். கொஞ்ச நாளில் ‘சேமி பட்டனைக் காணோம்’ என்று பயனர் யாராவது எழுதுவார். இப்படிப்பட்ட பக்கங்களைத் திரும்பத் திரும்பச் சரிசெய்ததில் ஒன்று தெளிவாகியிருக்கிறது: வழிகிற பெட்டியில் தப்பு இருப்பது குறைவு. அதைச் சுற்றியுள்ள பெட்டிகளில் ஏதோ ஒன்றுக்குக் கொடுத்த உயரமோ, கொடுக்காமல் விட்ட உயரமோதான் பெரும்பாலும் காரணம். ஆகவே எந்த அறிகுறியாக இருந்தாலும் தேட வேண்டிய கேள்வி ஒன்றே: உயரத்தை இங்கே யார் தீர்மானிக்கிறார்கள்?

உங்கள் அறிகுறிக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்து வரும் சோதனையை மட்டும் எல்லோரும் செய்துவிடுங்கள்.

## எதையும் மாற்றும் முன்: குற்றவாளிப் பெட்டியைக் கண்டுபிடித்தல்

மேக் கணினியில் வேலை செய்பவராக இருந்தால், சிஸ்டம் அமைப்புகளில் ஸ்க்ரோல்பார் எப்போதும் தெரியும்படி மாற்றிக்கொள்ளுங்கள். டிராக்பேட் வைத்திருப்பவர்களுக்கு அது தானாக மறைந்துகொள்வதால், விண்டோஸில் எல்லோரும் பார்க்கும் இரட்டை ஸ்க்ரோல்பார் உங்கள் திரையில் தெரியவே தெரியாது.

அடுத்து, எல்லா எலிமென்ட்டுகளுக்கும் (பக்கத்தில் உள்ள ஒவ்வொரு பெட்டிக்கும்) தற்காலிகமாக ‘அவுட்லைன்: 1 பிக்ஸல் சாலிட் ரெட்’ போடுங்கள். பார்டர் வேண்டாம். பார்டர் இடம் பிடிக்கும், அளவு மாறிவிடும். அவுட்லைன் இடம் பிடிக்காது. பெட்டிகளின் எல்லை தெரிந்ததுமே பாதிக் கோளாறுகள் பிடிபட்டுவிடும்.

பிறகு இன்ஸ்பெக்ட் (பக்கத்தின் உள்ளமைப்பைக் காட்டும் உலாவிக் கருவி) திறந்து, சந்தேகப்படும் எலிமென்ட்டின் ‘ஸ்க்ரோல்ஹைட்’ (உள்ளடக்கத்தின் முழு உயரம்), ‘கிளையன்ட்ஹைட்’ (பெட்டியில் தெரியும் உயரம்) இரண்டையும் கன்சோலில் கேளுங்கள். முதலாவது இரண்டாவதைவிடப் பெரிதாக இருந்தால் உள்ளே இருப்பது வழிகிறது. அங்கிருந்து ஒவ்வொரு பேரன்ட்டாக (அதைத் தாங்கும் வெளிப்பெட்டி) மேலே ஏறுங்கள். ஃபயர்ஃபாக்ஸில் இது இன்னும் சுலபம். ஸ்க்ரோல் ஆகும் எலிமென்ட்டின் பக்கத்தில் அதுவே ‘ஸ்க்ரோல்’ என்று சின்னக் குறி போட்டுக் காட்டும். அதைச் சொடுக்கினால் எந்தச் சைல்டு (உள்பெட்டி) வழியக் காரணம் என்பதும் தெரியும். வழக்கமாக வேறு உலாவியில் வேலை செய்பவர்களும் இந்த ஒரு வேலைக்கு ஃபயர்ஃபாக்ஸைத் திறப்பது வீண்போகாது.

## அறிகுறி: எழுத்து பெட்டியைத் தாண்டி அடுத்த பகுதியின் மேல் விழுகிறது

‘ஹைட்’ என்று நிலையான எண் கொடுத்திருக்கிறார்களா? பெரும்பாலும் இதுதான். ‘ஹைட்: 200 பிக்ஸல்’ இருந்தால் ‘மின்-ஹைட்: 200 பிக்ஸல்’ ஆக்குங்கள். எழுத்து குறைவாக இருந்தால் பெட்டி 200 பிக்ஸலில் நிற்கும், கூடினால் வளரும். ஆங்கில வாசகத்தை வைத்து வடிவமைத்த கார்டில் தமிழ் வாசகம் வந்து உட்காரும்போது ஒரு வரி மூன்று வரியாகிவிடுவது சாதாரணம். எழுத்து இருக்கும் பெட்டிக்கு நிலையான உயரம் கொடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. படம், ஐகான், வரைபடம் ஆகியவற்றுக்குக் கொடுங்கள்.

உள்ளே ஃப்ளோட் (ஒரு பக்கமாக ஒதுக்கி, எழுத்தைச் சுற்றி ஓட விடும் பெட்டி) இருக்கிறதா? பழைய தீம்களில் இருக்கும். பேரன்ட் தன் ஃப்ளோட்டின் உயரத்தைக் கணக்கில் எடுக்காது. பேரன்ட்டுக்கு ‘டிஸ்ப்ளே: ஃப்ளோ-ரூட்’ போட்டால் சரியாகிவிடும். இதற்காக ‘ஓவர்ஃப்ளோ: ஹிடன்’ போடும் பழைய வழக்கம் இனி தேவையில்லை.

உள்ளே ‘பொசிஷன்: அப்சலூட்’ (பக்கத்தின் ஓட்டத்திலிருந்து விலக்கி வைப்பது) இருக்கிறதா? அப்படி வைத்த எலிமென்ட்டின் உயரம் பேரன்ட்டுக்குத் தெரியாது. ஒன்றின் மேல் ஒன்றாகப் படிய வைப்பதுதான் நோக்கம் என்றால், இரண்டையும் கிரிட்டில் (பெட்டிகளைக் கட்டம் கட்டமாக அடுக்கும் அமைப்பு) ஒரே கட்டத்தில் வையுங்கள். அப்போது இரண்டில் உயரமானது எதுவோ, அதற்கு ஏற்பப் பேரன்ட் நீளும்.

சரிசெய்த பிறகு ஒரு சோதனை. உலாவியில் எழுத்தை மட்டும் 200 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். வலைப்பக்கங்களை எல்லோரும் பயன்படுத்த வழிகாட்டும் டபிள்யூசிஏஜி நெறிமுறையின் விதி 1.4.4 கேட்பது இதைத்தான்: அந்த அளவிலும் உள்ளடக்கமோ செயல்பாடோ தொலையக் கூடாது. கண்பார்வை குறைந்தவர்களுக்கு இது வசதிக்கான விஷயமே இல்லை, பக்கத்தைப் படிக்க முடியுமா முடியாதா என்பதே இதில்தான் இருக்கிறது.

## அறிகுறி: பக்கம் வெறும் சில பிக்ஸல் மட்டும் ஸ்க்ரோல் ஆகிறது

உள்ளடக்கம் திரைக்குள் அடங்கிவிட்டது, ஆனாலும் ஸ்க்ரோல்பார் இருக்கிறது. எத்தனை பிக்ஸல் என்று பாருங்கள்; அந்த எண்ணே காரணத்தைச் சொல்லிவிடும்.

*சரியாக 16 பிக்ஸல்:* உலாவிகள் பாடிக்குத் (பக்க உள்ளடக்கம் முழுவதையும் தாங்கும் பெட்டி) தாமாகவே நான்கு பக்கமும் 8 பிக்ஸல் மார்ஜின் (வெளி இடைவெளி) வைக்கின்றன. பாடிக்கு ‘100விஎச்’ (திரை உயரம் முழுவதும்) கொடுத்தால் மேலே 8, கீழே 8 கூடிவிடுகிறது. ‘மார்ஜின்: 0’ போதும்.

*நீங்கள் கொடுத்த பேடிங்கின் (உள் இடைவெளி) இரண்டு மடங்கு:* ‘பாக்ஸ்-சைஸிங்: பார்டர்-பாக்ஸ்’ இல்லை. அது இல்லாதபோது உயரத்தின் மேல் பேடிங் தனியாகச் சேரும்.

*தலைப்பின் மார்ஜின் அளவு:* பாடியின் மார்ஜினை 0 ஆக்கிய பிறகும் ஸ்க்ரோல் இருந்தால், முதல் சைல்டின் மேல் மார்ஜின் பாடியையே கீழே தள்ளியிருக்கும். மார்ஜின் சைல்டுக்கும் பேரன்ட்டுக்கும் இடையே ஒன்றாகிவிடுவதால் வருவது இது. பாடிக்கு ‘டிஸ்ப்ளே: ஃப்ளோ-ரூட்’ அல்லது கொஞ்சம் மேல் பேடிங் கொடுங்கள்.

*நாலைந்து பிக்ஸல், அருகில் ஒரு படம்:* படம் எழுத்தைப் போல வரியில் உட்காருகிறது. வரிக்குக் கீழே இறங்கும் எழுத்துகளுக்காக விடும் இடம் படத்தின் அடியிலும் வந்துவிடும். படத்துக்கு ‘டிஸ்ப்ளே: பிளாக்’.

*நூற்றுக்கணக்கான பிக்ஸல், அடியில் வெற்றிடம்:* இதைக் கண்டுபிடிக்கத்தான் பலர் நேரத்தைத் தொலைக்கிறார்கள். ஸ்க்ரீன் ரீடருக்காக (பக்கத்தை வாசித்துக் காட்டும் மென்பொருள்) கண்ணுக்குத் தெரியாமல் மறைத்து வைக்கும் எழுத்துகள் வழக்கமாக ‘அப்சலூட்’ நிலையில் இருக்கும். அவை ஸ்க்ரோல் ஆகும் ஒரு பட்டியலுக்குள் இருந்து, அந்தப் பட்டியலுக்கு ‘பொசிஷன்: ரிலேட்டிவ்’ இல்லாவிட்டால், பட்டியலின் கட்டுப்பாட்டை மீறி வெளியே போய்ப் பக்கத்தையே நீட்டிவிடும். கண்ணுக்குத் தெரியாத எழுத்து என்பதால் யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை. ஸ்க்ரோல் பெட்டிக்கு ‘ரிலேட்டிவ்’ சேருங்கள். மறைத்த எழுத்தை நீக்கிவிடாதீர்கள், அதை நம்பி ஒருவர் அந்தப் பக்கத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

## அறிகுறி: பெட்டிக்குள் ஸ்க்ரோல் வர வேண்டும், ஆனால் பெட்டியே நீண்டுகொண்டு போகிறது

அரட்டைப் பட்டியல், பக்கவாட்டு மெனு, பாப்-அப்பின் நடுப்பகுதி என்று எங்கும் வரும் கோளாறு இது. ‘ஓவர்ஃப்ளோ-ஒய்: ஆட்டோ’ எழுதியாயிற்று, இருந்தும் ஸ்க்ரோல் பெட்டிக்குள் வராமல் பக்கத்துக்கு வருகிறது. ஆட்டோ என்பது ‘இடம் போதாவிட்டால் ஸ்க்ரோல் கொடு’ என்ற அனுமதி மட்டுமே. இடம் போதாமல் போக, உயரத்துக்கு ஒரு வரம்பு வேண்டும்.

1. வரம்பு இருக்கிறதா? தற்காலிகமாக ‘மேக்ஸ்-ஹைட்: 300 பிக்ஸல்’ கொடுங்கள். ஸ்க்ரோல் வந்துவிட்டால் பெட்டியில் கோளாறு இல்லை, மேலிருந்து வரம்பு வந்து சேரவில்லை. அடுத்த சோதனைக்குப் போங்கள். அப்போதும் வரவில்லை என்றால் அந்த எலிமென்ட்டால் ஸ்க்ரோல் ஆக முடியாது. டேபிளின் ‘டிபாடி’, சாதாரண ‘ஸ்பான்’ ஆகியவை இந்த வகை. டேபிளை ஒரு டிவ்வுக்குள் (பொதுவான பெட்டி) வைத்து அந்த டிவ்வை ஸ்க்ரோல் ஆக்குங்கள்.

2. சதவீதத்தில் உயரமா? ‘ஹைட்: 100%’ என்றால் எதில் 100? பேரன்ட்டுக்கு உறுதியான உயரம் இல்லாவிட்டால் உலாவி அதை ‘ஆட்டோ’ என்றே எடுத்துக்கொள்ளும். பேரன்ட்டுக்கு ‘மின்-ஹைட்’ மட்டும் கொடுத்திருந்தால் அது கணக்கில் வராது, ‘ஹைட்’டே வேண்டும். எச்டிஎம்எல், பாடி தொடங்கி ஒவ்வொரு படியிலும் 100% கொடுத்துக்கொண்டே வரும் பழைய முறையில் நடுவில் ஒரு டிவ் விட்டுப்போனாலும் சங்கிலி அறுந்துவிடும். அதைப் பழுது பார்ப்பதைவிட ஃப்ளெக்ஸுக்கு (இருக்கும் இடத்தைச் சைல்டுகளுக்குப் பங்கிடும் அமைப்பு) மாறுவது நல்லது.

3. ஃப்ளெக்ஸ் காலமா (column: சைல்டுகளை மேலிருந்து கீழாக அடுக்குவது)? அப்படியானால் இங்கே நிதானமாகப் பாருங்கள், மிக அதிகம் பேர் மாட்டுவது இதில்தான். ஃப்ளெக்ஸ் சைல்டு ஒவ்வொன்றுக்கும் ‘மின்-ஹைட்: ஆட்டோ’ என்பது இயல்பு. ‘உள்ளே இருப்பதைவிடச் சின்னதாகச் சுருங்க மாட்டேன்’ என்று அதற்குப் பொருள். ஸ்க்ரோல் பெட்டியே நேரடிச் சைல்டாக இருந்தால் பிரச்சினை இல்லை; ‘ஓவர்ஃப்ளோ: ஆட்டோ’ உள்ள சைல்டு சுருங்கச் சம்மதிக்கும். ஃப்ளெக்ஸுக்கும் ஸ்க்ரோல் பெட்டிக்கும் இடையில் ஒரு சாதாரண டிவ் புகுந்தால்தான் சிக்கல். அந்த இடைப்பட்ட டிவ் சுருங்க மறுக்கும், வரம்பு அங்கேயே நின்றுவிடும். அதற்கு ‘மின்-ஹைட்: 0’ கொடுங்கள். உயரம் தானாகக் கீழே இறங்காவிட்டால் அந்த டிவ்வையும் ஃப்ளெக்ஸ் காலமாக்குங்கள். மூன்று இடைப் பெட்டிகள் இருந்தால் மூன்றுக்கும் வேண்டும்.

வேலை செய்யும் அமைப்பு இப்படி இருக்கும் (‘டிவிஎச்’ என்பது அந்த நேரத்தில் தெரியும் திரை உயரத்தைப் பின்பற்றும் அலகு):

வெளிப்பெட்டி — ஹைட்: 100டிவிஎச், டிஸ்ப்ளே: ஃப்ளெக்ஸ், ஃப்ளெக்ஸ்-டைரக்‌ஷன்: காலம்
ஹெடர் — ஃப்ளெக்ஸ்-ஷ்ரிங்க்: 0
இடைப்பெட்டி — ஃப்ளெக்ஸ்: 1, மின்-ஹைட்: 0, டிஸ்ப்ளே: ஃப்ளெக்ஸ், ஃப்ளெக்ஸ்-டைரக்‌ஷன்: காலம்
பட்டியல் — ஓவர்ஃப்ளோ-ஒய்: ஆட்டோ

4. கிரிட்டா? அதே கோளாறுதான், வேறு உருவில். ‘1எஃப்ஆர்’ (மிச்ச இடத்தில் ஒரு பங்கு) என்று எழுதினால் உலாவி அதை ‘மின்மேக்ஸ்(ஆட்டோ, 1எஃப்ஆர்)’ என்று படிக்கிறது. ‘மின்மேக்ஸ்(0, 1எஃப்ஆர்)’ என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

ஸ்க்ரோல் வந்ததும் கீபோர்டில் டேப் அடித்து, அம்புக்குறியால் உருட்டிப் பாருங்கள். உள்ளே லிங்க்கோ பட்டனோ இல்லாத ஸ்க்ரோல் பெட்டிக்கு எல்லா உலாவிகளிலும் கீபோர்டு போய்ச் சேரும் என்று நம்ப முடியாது. ‘டேப்இன்டெக்ஸ்’ 0 கொடுத்து, பெட்டிக்கு ஒரு பெயரும் வைத்துவிடுங்கள்.

## அறிகுறி: ஸ்க்ரோல் வருகிறது, ஆனால் மேல் வரிகளை எட்டவே முடியவில்லை

செங்குத்தாக நடுவில் நிறுத்தியிருப்பீர்கள். ஃப்ளெக்ஸ் காலத்தில் ‘ஜஸ்டிஃபை-கன்டென்ட்: சென்டர்’ இருந்தால், இடம் போதாதபோது உள்ளடக்கம் மேலும் கீழும் சமமாக வழியும். கீழே வழிந்ததை உருட்டிப் பார்க்கலாம், மேலே வழிந்ததைப் பார்க்க வழியே கிடையாது. சின்னத் திரையில் லாகின் படிவத்தின் முதல் கட்டம் காணாமல் போவது இதனால்தான். சென்டரை எடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் ஒற்றைப் பெட்டிக்கு மேலும் கீழும் ‘மார்ஜின்: ஆட்டோ’ கொடுங்கள். இடம் இருந்தால் நடுவில் நிற்கும், இல்லாவிட்டால் மேலிருந்து தொடங்கும். ‘சேஃப் சென்டர்’ என்றும் எழுதலாம். பழைய உலாவிகளையும் பார்க்க வேண்டியிருந்தால் மார்ஜினே நம்பகமானது.

அரட்டையைக் கீழே ஒட்ட வைக்க ‘ஃப்ளெக்ஸ்-எண்ட்’ போட்டாலும் இதே கதிதான். அங்கே முதல் செய்திக்கு ‘மார்ஜின்-டாப்: ஆட்டோ’.

## அறிகுறி: மெனுவோ நிழலோ பெட்டியின் விளிம்பில் வெட்டுப்படுகிறது

பக்கவாட்டில் வழிவதை மறைக்க யாராவது ‘ஓவர்ஃப்ளோ-எக்ஸ்: ஹிடன்’ போட்டிருக்கிறார்களா என்று முதலில் தேடுங்கள். ஒரு திசையில் ஹிடன் போட்டால், மறுதிசையில் ‘விசிபிள்’ என்று நீங்களே எழுதியிருந்தாலும் உலாவி அதை ‘ஆட்டோ’ ஆக்கிவிடும். இது உலாவியின் பிழை அன்று, விதியே அப்படித்தான். ‘ஓவர்ஃப்ளோ-எக்ஸ்: கிளிப்’ என்று மாற்றுங்கள். கிளிப் வெட்டும், ஆனால் ஸ்க்ரோல் பெட்டியை உருவாக்காது. ஒய் திசை விசிபிளாகவே இருக்கும். சஃபாரியில் 16ஆம் பதிப்பிலிருந்து கிடைக்கிறது.

உண்மையாகவே ஸ்க்ரோல் ஆக வேண்டிய டேபிளுக்குள் இருந்து மெனு வெளியே விரிய வேண்டும் என்றால் ‘இசட்-இன்டெக்ஸ்’ எத்தனை ஆயிரம் கொடுத்தாலும் பயனில்லை. வெட்டுவதற்கும் அடுக்கு வரிசைக்கும் தொடர்பில்லை. மெனுவைப் ‘பாப்ஓவர்’ ஆக்கினால் உலாவியின் உச்ச அடுக்குக்குப் போய்விடும், யாரும் வெட்ட முடியாது. ‘பொசிஷன்: ஃபிக்ஸ்ட்’ இன்னொரு வழி. ஆனால் மேலே ஏதாவது ஒரு பேரன்ட்டில் ‘டிரான்ஸ்ஃபார்ம்’ அல்லது ‘ஃபில்டர்’ இருந்தால் அது கைகொடுக்காது.

## அறிகுறி: ஸ்டிக்கி ஹெடர் (உருட்டும்போது மேலே ஒட்டி நிற்க வேண்டிய தலைப்பகுதி) ஒட்டவில்லை

‘டாப்: 0’ இருக்கிறதா? அடுத்து, மேலே உள்ள பேரன்ட்களில் எங்காவது ‘ஓவர்ஃப்ளோ: ஹிடன்’ இருக்கிறதா? இருந்தால் ஸ்டிக்கி அந்தப் பெட்டியோடுதான் ஒட்டிக்கொள்ளும், பக்கம் உருள்வது அதற்குத் தெரியாது. அதைக் கிளிப் ஆக்குங்கள். பக்கவாட்டு மெனுவாக இருந்து ஃப்ளெக்ஸ் அல்லது கிரிட்டுக்குள் நின்றால் ‘அலைன்-செல்ஃப்: ஸ்டார்ட்’ சேருங்கள். முழு உயரத்துக்கும் நீண்டுவிட்ட பெட்டிக்கு நகர இடமிருக்காது.

## அறிகுறி: கணினியில் சரி, போனில் அடிப்பட்டன் மறைகிறது

போனில் ‘100விஎச்’ என்பது முகவரிப் பட்டை மறைந்த பிறகு கிடைக்கும் பெரிய உயரம். பட்டை தெரியும்போது அதே அளவு திரையைவிட அதிகம், அடியில் உள்ளது தள்ளப்படும். இரண்டு வரி எழுதுங்கள்: முதலில் ‘ஹைட்: 100விஎச்’, அடுத்த வரியில் ‘ஹைட்: 100டிவிஎச்’. புரியாத உலாவி இரண்டாவதை விட்டுவிடும். இந்த அலகுகள் 2022இல் சஃபாரி 15.4, ஃபயர்ஃபாக்ஸ் 101, குரோம் 108 ஆகியவற்றில் வந்துவிட்டன. முகப்புப் பெரும்படத்துக்கு ‘எஸ்விஎச்’ (பட்டை தெரியும்போது உள்ள சிறிய உயரம்) பொருத்தம். டிவிஎச் கொடுத்தால் பட்டை ஏறி இறங்கும்போதெல்லாம் படமும் குதிக்கும்.

ஐபோன் திரையின் அடியில் தெரியும் கோட்டுக்குக் கீழே பட்டன் போய்விட்டால் ‘சேஃப்-ஏரியா-இன்செட்-பாட்டம்’ அளவைப் பேடிங்காகக் கொடுங்கள். எச்டிஎம்எல் தலைப்பகுதியில் உள்ள வியூபோர்ட் மெட்டாவில் ‘வியூபோர்ட்-ஃபிட்=கவர்’ இருந்தால்தான் அந்த அளவு கிடைக்கும்.

கீபோர்டு திறக்கும்போது மட்டும் மறைகிறதா? டிவிஎச் கீபோர்டைக் கணக்கில் எடுப்பதில்லை. அனுப்பு பட்டனை அடியில் ஃபிக்ஸ்ட் ஆக வைக்காமல் படிவத்தின் ஓட்டத்திலேயே விடுவதுதான் மலிவான தீர்வு. அதற்கு மேல் ஸ்கிரிப்ட் வேலை.

## அறிகுறி: தமிழ் எழுத்தின் தலையோ அடியோ வெட்டுப்படுகிறது

ஆங்கிலத் தலைப்பு ஒழுங்காக நிற்கும் இடத்தில் தமிழ்த் தலைப்பின் மேல்விலங்குச் சுழியும் புள்ளியும் சீவப்பட்டு வருகின்றன. ழகரம், றகரத்தின் அடிக்கோடுகள் மறைகின்றன. ‘மீன்’ எதுவென்றும் ‘மின்’ எதுவென்றும் தெரியாமல் போனால் அது அழகுப் பிரச்சினை இல்லை, வாசிப்பே கெடுகிறது. இதைச் சின்ன விஷயம் என்று விடுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

‘லைன்-ஹைட்’ 1 அல்லது 1.1 ஆக இருந்து, கூடவே ‘ஓவர்ஃப்ளோ: ஹிடன்’ இருக்கும். லைன்-ஹைட்டை 1.5க்கு உயர்த்துங்கள், பிக்ஸல் சேர்க்காமல் வெறும் எண்ணாகக் கொடுத்தால் எழுத்தளவு மாறினாலும் விகிதம் நிற்கும். டிசைன் இடம் தராவிட்டால் மேலும் கீழும் 0.15எம் பேடிங் கொடுங்கள்.

‘லைன்-கிளாம்ப்’ போட்டு மூன்று வரியோடு வெட்டும் பெட்டிக்கு மட்டும் அடிப் பேடிங் கொடுக்காதீர்கள். நான்காம் வரியின் தலை அந்த இடைவெளியில் எட்டிப்பார்க்கும். பேடிங்கை வெளியே உள்ள டிவ்வுக்கு மாற்றுங்கள்.

## அறிகுறி: பாப்-அப்பை உருட்டினால் பின்னால் இருக்கும் பக்கமும் உருள்கிறது

பாப்-அப்பின் ஸ்க்ரோல் பெட்டிக்கு ‘ஓவர்ஸ்க்ரோல்-பிஹேவியர்: கன்டெய்ன்’. போதாவிட்டால், பாப்-அப் திறந்திருக்கும் வரை எச்டிஎம்எல் எலிமென்ட்டுக்கு ஹிடன் கொடுங்கள். பாடிக்குக் கொடுத்து வேலை செய்யவில்லை என்றால், எச்டிஎம்எல்லுக்கு ஏற்கெனவே வேறு ஓவர்ஃப்ளோ இருக்கிறது என்று அர்த்தம். ஸ்க்ரோல்பார் மறைந்ததும் பக்கம் பக்கவாட்டில் துள்ளினால் ‘ஸ்க்ரோல்பார்-கட்டர்: ஸ்டேபிள்’.

## எப்போது தேர்ந்தவரைக் கூப்பிட வேண்டும்

வழிவது வேறு டொமைனிலிருந்து வரும் ஐஃபிரேமுக்குள் (பக்கத்துக்குள் பதித்த இன்னொரு பக்கம்) இருந்தால் உங்கள் சிஎஸ்எஸ் அதைத் தொடவே முடியாது. உள்ளே இருப்பதன் உயரத்தை அந்தத் தரப்பு செய்தியாக அனுப்ப வேண்டும். அதற்கு இரு பக்கமும் ஸ்கிரிப்ட் எழுத ஆள் தேவை.

எலிமென்ட்டின் ஸ்டைலில் உயரம் நேரடியாக எழுதப்பட்டு, நீங்கள் மாற்ற மாற்றத் திரும்பி வந்துகொண்டே இருந்தால், ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி ஒன்று அதை எழுதுகிறது. ‘இம்பார்ட்டன்ட்’ போட்டு மல்லுக்கட்ட வேண்டாம். ஆயிரக்கணக்கான வரிசைகளைத் துண்டு துண்டாகக் காட்டும் பட்டியல்களில் அந்த உயரத்தை மாற்றினால் வரிசைகளே காணாமல் போகும்.

ஸ்க்ரோலுக்குள் ஸ்க்ரோல், அதற்குள் இன்னொரு ஸ்க்ரோல் என்று இருந்தால், ஒட்டுப்போடுவது நின்று அமைப்பையே மாற்றும் கட்டம் வந்துவிட்டது. நேரமும் பணமும் அதிகம் பிடிப்பது இதுதான். பணம் செலுத்தும் பக்கமாகவோ, பல தளங்கள் பகிரும் தீமாகவோ இருந்தால் இரண்டாவது முயற்சிக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

கூப்பிடும்போது இவற்றைக் கையில் வைத்திருந்தால் அவருடைய நேரமும் உங்கள் செலவும் குறையும்: உலாவியின் பெயரும் பதிப்பும், திரையின் அகல உயரம், ஸ்க்ரோல்ஹைட்–கிளையன்ட்ஹைட் எண்கள், எந்தப் பேரன்ட் வரை ஏறிப் பார்த்தீர்கள் என்பது. முடிந்தால் பக்கத்தைப் பிரதி எடுத்து, கோளாறு நீங்கும் வரை ஒவ்வொரு பகுதியாக அழித்துக்கொண்டே வாருங்கள். எதை அழித்ததும் நீங்கியதோ, அந்தப் பகுதியையும் அதன் பேரன்ட்களையும் மட்டும் அனுப்பினால் போதும்.